கலங்கரை விளக்கத்துக்கு முதலிடம்

டிசம்பர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், பௌதியின் வீட்டுக் கூடத்தில், நாங்கள் நாலு பெண்கள் கூடுவோம். அந்த வருஷம் பார்த்த கொரியத் தொடர்களில் எது முதல், எது பத்தாவது என்று சண்டை போட்டு முடிவு செய்வோம். ஏழு வருஷமாக நடக்கிறது. முடிவை பௌதி ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். பௌதி என்றால் வங்காளியில் அண்ணி. அவள் எனக்கு அண்ணியும் இல்லை, உறவும் இல்லை. லேக் கார்டன்ஸில் இந்தக் கட்டடத்துக்கு நாங்கள் குடிவந்தபோது அவள் கணவரை எல்லோரும் தாதா, அதாவது அண்ணா, என்றார்கள், அதனால் அவள் பௌதி. அவளுக்கு நான் திதி, அதாவது அக்கா.

அவளுடைய ரசனையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கதாநாயகன் உயரமாக இருக்க வேண்டும், மழை பெய்ய வேண்டும், அவன் குடை பிடிக்க வேண்டும். குடையைக் கண்டால் அவளுக்குக் கண்ணீர் வந்துவிடும். எதிர்வீட்டு மாஷிமா, அதாவது எங்கள் எல்லோருக்கும் பெரியம்மா, பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரிக் கதைகளை மட்டும் பார்ப்பார், அதுவும் தப்புக் கண்டுபிடிக்க. "அந்த ஊசி மருந்து அந்த நிறத்தில் இருக்காது" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட்டு, எதில் தப்பு குறைவோ அதற்கு முதலிடம் கொடுப்பார். நாலாவது ஆள் பௌதியின் மகள். ஜாதவ்பூரில் கல்லூரியில் படிக்கிறாள். பக்கத்தில் எங்கோ கொரிய மொழி வகுப்புக்குப் போகிறாள். கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் பார்த்து, "தப்பு, அவன் அப்படிச் சொல்லவே இல்லை" என்பாள். என்னதான் சொன்னான் என்று கேட்டால் அது இன்னும் பாடத்தில் வரவில்லை என்பாள்.

இவர்களுக்கு நடுவில் ரசனை உள்ளவள் நான் ஒருத்திதான் என்பது என் எண்ணம். அதை நான் மறைத்ததும் இல்லை.

எனக்கு ஐம்பத்தேழு வயது. சால்ட் லேக்கில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. காலையில் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், திரும்பி வர இன்னும் கொஞ்சம் அதிகம். உட்கார இடம் கிடைத்தால் போனை எடுத்துவிடுவேன். முப்பது வருஷம் பைல்களோடு குடித்தனம் நடத்தியவள் என்பதால், இந்தத் தொடர்களில் என்னால் பொறுக்கவே முடியாதது அந்த அலுவலகங்கள்தான். பெரிய பணக்காரன் மகன், கண்ணாடிச் சுவர், நடைபாதை அளவுக்கு நீளமான மேஜை. மேஜை மேல் ஒரு பைல் கிடையாது. பேனாகூடக் கிடையாது. அவன் நாள் முழுக்க ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பான். இதையெல்லாம் நான் ஒவ்வொரு டிசம்பரிலும் பௌதியின் புதுவெல்லச் சந்தேஷ் இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்வேன். அவர்கள் என்னைக் 'குத்குத்தே' என்பார்கள். எதிலும் குறை காண்கிற ஆள் என்று அர்த்தம். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

போன வருஷம் மார்ச்சில் என் கணவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றார். அங்கேதான் தொந்தரவு ஆரம்பித்தது.

அதுவரை அவர் இந்தத் தொடர்களை எப்படிப் பேசினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் பார்க்கும்போது பின்னால் வந்து நிற்பார். "எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்களே, யார் எவன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறே?" என்பார். ஆறு வருஷமாக இந்த ஒரே கேள்வி. பதில் சொன்னாலும் மறுநாள் அதே கேள்வி. வங்கியில் அவருக்கு ஆய்வுப் பிரிவில் வேலை. ஊர் ஊராகப் போய்க் கிளைகளைப் பார்த்து மதிப்பெண் போட்டு அறிக்கை எழுதுவார். உலகத்தில் எதைக் கண்டாலும் அதற்கு நூற்றுக்கு எத்தனை என்று தோன்றுகிற மனிதர்.

ஏப்ரலில் ஏரிக்கரையில் நடக்கப் போனார். அங்கே மற்ற ஓய்வுபெற்றவர்களோடு அரசியல் பேசி, ஒருவரோடு பேச்சு முறிந்து, போவதை நிறுத்திவிட்டார். பிறகு கட்டடத்து லிஃப்ட் கமிட்டியில் சேர்ந்தார். இரண்டு கூட்டத்தோடு அவர்களே இவரை வேண்டாம் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். மே மாதத்தில் வெயில் தாங்காமல் ஏசி ஓடுகிற அறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். டேப்லெட்டில் சலவைக்கடைத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது.

அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சந்துக்குள் சலவைக்கடை வைத்திருக்கும் பெண். சின்ன வயதிலேயே குடும்பத்தை விட்டுப் போன அப்பா, வேறு பெயர் சொல்லிக்கொண்டு வாராவாரம் சட்டை வெளுக்கக் கொடுக்க வருகிறார். சட்டையில் அழுக்கே இருக்காது. அப்பாதான் என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் வாங்கிக்கொள்வாள், துவைப்பாள், இஸ்திரி போட்டு மடித்துக் கொடுப்பாள். பதினாறு எபிசோட். நடுவில் தேவையில்லாத ஒரு காதல், தேவையில்லாத ஒரு பாட்டுக்காரன். மூன்றாம் தரம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

"இவர் யாரு?" என்று கேட்டார் என் கணவர்.

"அவளோட அப்பா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். பேசாம பாருங்க."

பேசாமல் பார்த்தார். அடுத்த எபிசோடும் பார்த்தார். செவ்வாய்க்கிழமை நான் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் பதினாறையும் முடித்துவிட்டு, கதவைத் திறந்ததும் முடிவைச் சொன்னார். கல்யாணமான முப்பது வருஷத்தில் அவர் மேல் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. அக்டோபர் பூஜை விடுமுறை வருவதற்குள் இருபதுக்கு மேல் பார்த்துவிட்டார். காய்காரர் கத்தரிக்காய் விலை சொன்னால் கொரிய மொழியில் "நிஜமாவா?" என்று கேட்டு அவரைத் திகைக்கவைத்தார். என்னிடம், "நீ பஸ்ல சின்னத் திரையில பாக்கறதால ஒளியமைப்பு உனக்குத் தெரியறதில்ல" என்றார். ஆறு வருஷம் ஆளை அடையாளம் தெரியாதவர், ஆறு மாதத்தில் எனக்கு ஒளியமைப்பு சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் மேஜை மேல் ஒரு தாள் கிடந்தது. கதை முப்பது, நடிப்பு இருபத்தைந்து, இயல்புத்தன்மை இருபது, இசை பத்து, முடிவு பதினைந்து. ஒவ்வொரு தொடருக்கும் மதிப்பெண் போட்டு, கடைசிக் கட்டத்தில் குறிப்பு எழுதியிருந்தார். ஒன்றில் "மேற்பார்வை போதாது" என்று இருந்தது. யாருடைய மேற்பார்வை என்று நான் கேட்கவில்லை.

நவம்பரில் லிஃப்டில் பௌதியிடம் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். "தாதா, இந்த வருஷம் நீங்களும் வாங்க!" என்று அவள் அழைத்துவிட்டாள். "அது பொம்பளைங்க கூடற இடம், நீங்க எதுக்கு?" என்று வீட்டில் கேட்டேன். "அவங்கதானே கூப்பிட்டாங்க" என்றார். ஆய்வுக்குப் போகிற நாளில் போடுகிற வெளிர்நீலச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார்.

என் பட்டியலைப் பற்றி இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் என்னுடைய முதலிடம் கலங்கரை விளக்கத் தொடருக்கு. ஒரு தீவு, கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்கிற ஒருவன், அங்கே பறவைகளை எண்ண வருகிற ஒரு பெண். பன்னிரண்டு எபிசோட். பேச்சு கிடையாது, காற்று வீசும். ஆங்கிலப் பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் அதைப் பற்றி அரைப் பக்கம் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். பூஜை சமயத்திலிருந்தே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நானும் புகழ ஆரம்பித்தேன். 'இதைப் பார்த்தால்தான் மற்றதெல்லாம் குப்பை என்று புரியும்' என்று எழுதினேன். நான் பார்த்தது நாலு எபிசோட். ஐந்தாவதில் பஸ்ஸிலேயே தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன். மிச்சத்தை இன்டர்நெட்டில் ஒரு கட்டுரையில் படித்துக்கொண்டேன். அது போதும் என்று தோன்றியது.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. சலவைக்கடையின் பதினொன்றாவது எபிசோடில் அந்த அப்பா வரவில்லை. மடித்த சட்டை அலமாரியில் இருக்கிறது, அவள் வாசலைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அதை நான் சமையலறையில், போனை மிக்சி மேல் சாய்த்துவைத்து, சாம்பார் கொதிக்கும்போது பார்த்தேன். என் அப்பா கரக்பூரில் ரயில்வேயில் இருந்தார். அம்மா போன பிறகு மாதம் ஒரு தடவை லோக்கல் ரயிலில் வருவார். கையில் அரைக் கிலோ காப்பிப்பொடி இருக்கும். இங்கே காப்பிப்பொடி கிடைக்காதா என்ன! நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். "நீ போம்மா, நான் சும்மா பொடி கொடுக்கத்தான் வந்தேன்" என்பார். சாம்பார் அடிப்பிடிக்கிற வரை நின்று அழுதேன். என் கணவர் தண்ணீர் குடிக்க வந்தார், பார்த்தார், அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டார். இப்படி மலிவான ஒரு கதை என்னை அழவைத்துவிட்டதே என்று எனக்கு அவமானமாக இருந்தது. அதனால் அதைப் பத்தாவது இடத்தில் போட்டேன்.

கூட்டத்து நாள் என் கணவர் அட்டவணையை ஐந்து பிரதி எடுத்து, பின் அடித்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மாஷிமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "எத்தனை ஒழுங்கா பண்ணியிருக்கார்!" என்றார். இயல்புத்தன்மைக்குத் தனியாக இருபது மதிப்பெண் இருந்ததில் அவருக்கு அளவில்லாத சந்தோஷம். பைல் இல்லாத அலுவலகங்களைப் பற்றி என் கணவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ஏழு வருஷமாக நான் சொன்ன அதே விஷயம். அதைப் படித்துவிட்டு பௌதி, "தாதா எவ்வளவு ஆழமா பாக்கறார்" என்றாள். நான் சொன்னால் குத்குத்தே, இவர் சொன்னால் ஆழம்.

அவருடைய முதலிடம் சலவைக்கடைக்கு. கலங்கரை விளக்கம் எட்டாவது. குறிப்பில் 'நேரம் வீண்' என்று இருந்தது.

என் முறை வந்தது. கலங்கரை விளக்கத்தைப் பற்றிக் கட்டுரையில் இருந்ததை என் வார்த்தையில் சொன்னேன். மௌனம், காத்திருத்தல், கடல் என்று என்னென்னவோ பேசினேன். சலவைக்கடையைப் பற்றி, "அழுகாச்சி. அழுக்கில்லாத சட்டையைக் கொடுத்து நம்மகிட்டேருந்து கண்ணீரைப் பிழியறாங்க" என்றேன். என் கணவர் தன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பௌதியின் மகள் திடீரென்று என்னைக் கேட்டாள். அவளுக்கு நான் காகிமா, அதாவது சித்தி. "காகிமா, கடைசிக் காட்சியில அந்தப் பொண்ணு பறவைக் கணக்கு நோட்டைக் கடல்ல போடாம ஏன் அடுப்புல போட்டு எரிக்கிறா? எனக்கு அது புரியவே இல்ல."

கட்டுரையில் நோட்டை அழித்துவிடுகிறாள் என்றுதான் இருந்தது, ஏன் என்று இல்லை. "அது வந்து..." என்று ஆரம்பித்து, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து, மறுபடி எடுத்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"அதைப் பத்தி இவ எங்கிட்டச் சொன்னா" என்றார் என் கணவர். "கடல்ல போட்டா அவன் நீந்திப் போய் எடுத்துடுவான். கலங்கரை விளக்கத்துக்காரன் இல்லையா? அதனாலதான் அடுப்பு. அப்படித்தானே சொன்னே?"

"ஆமாம்" என்றேன்.

"அடடா!" என்றார் மாஷிமா.

எல்லோருடைய பட்டியலையும் கூட்டிப் பார்த்தபோது கலங்கரை விளக்கத்துக்குத்தான் முதலிடம். பௌதியும் அதை முதலில் போட்டிருந்தாள். குடை இல்லாத தொடருக்கு அவள் முதலிடம் கொடுத்தது அதுவே முதல் தடவை. மாஷிமா இரண்டாவதாகவும், பௌதியின் மகள் மூன்றாவதாகவும் போட்டிருந்தார்கள். சலவைக்கடை ஆறாவது இடத்துக்குப் போயிற்று. கடைசியில் என் ரசனை ஜெயித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் கணவரிடம் நன்றி சொல்லவில்லை. காப்பாற்றிவிட்டுப் பேசாமல் படியிறங்கிய அந்தப் பெருந்தன்மை, அவருடைய அட்டவணையைவிட எரிச்சலாக இருந்தது.

ஜனவரியில் ஒரு விடுமுறை நாள். அவர் பல் வைத்தியரிடம் போயிருந்தார். பிடிவாதத்தோடு உட்கார்ந்து கலங்கரை விளக்கத்தின் மிச்சம் எட்டு எபிசோடையும் பார்த்தேன். காலையில் ஆரம்பித்து, நடுவில் தயிர்சாதம் சாப்பிட்டு, சாயங்காலம் முடித்தேன். அப்படி ஒரு சலிப்பை நான் அலுவலகத் தணிக்கையின்போதுகூட அனுபவித்ததில்லை. அவள் எண்ணுகிறாள், அவன் விளக்கைத் துடைக்கிறான், காற்று அடிக்கிறது. கடைசிக் காட்சியில் அவள் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படகில் ஏறிப் போய்விடுகிறாள். எரிக்கவே இல்லை. அந்தத் தீவில் ஓர் அடுப்பைக்கூடக் காட்டவில்லை.

கட்டுரை எழுதியவரும் பார்க்கவில்லை என்று அப்போது புரிந்தது. என் கணவர் வந்ததும் கேட்டேன்.

"அவ நோட்டை எரிக்கவே இல்லையே?"

மரத்துப்போன தாடையைப் பிடித்துக்கொண்டு, "இல்லதான்" என்றார்.

"அப்புறம் ஏன் அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணு கேட்டா. நீ முழிச்சே. வேற என்ன சொல்றது?"

"நான் பாக்கலன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ நல்லா இருக்குன்னு சொன்னியே, அப்பவே."

மறுநாள் சாயங்காலம் மூன்றாம் மாடிக்குப் போனேன். பொய்யாக ஒன்று முதலிடத்தில் இருப்பது உறுத்தியது என்று சொன்னால் அது பாதி உண்மை. என் கணவருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக அது இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை என்பது மீதி. பௌதி தனியாகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கலங்கரை விளக்கத்தை நான் முழுசாப் பாக்கல" என்றேன் வங்காளியில். "நாலு எபிசோட்தான். நோட்டுல அடிச்சுடலாம்."

பட்டாணியை விட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "நான் ஒண்ணுதான் பாத்தேன்" என்றாள்.

"நீங்க முதலிடம் போட்டிருந்தீங்களே?"

"நீங்க பூஜையிலேருந்து குழுவுல எழுதிக்கிட்டே இருந்தீங்க. அதைப் போடலைன்னா இந்த வருஷமும் மூக்கைச் சுளிப்பீங்க. ஏழு வருஷமா அந்த மூக்கைப் பாத்துக்கிட்டு இருக்கேன் திதி. எனக்கும் ஒரு தடவை ரசனை இருக்கிற மாதிரி உக்காரணும்னு தோணிச்சு."

மாஷிமாவும் அப்படித்தானாம். இரண்டாவது எபிசோடில் டாக்டர் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டாராம். மகள் படித்தது நான் படித்த அதே கட்டுரை. அதிலிருந்த நோட்டு விஷயத்தை எடுத்து, அடுப்பைத் தானாகச் சேர்த்து, பார்த்த மாதிரி தெரிவதற்காகக் கேட்டிருக்கிறாள். ஆக, எங்கள் கட்டடத்தின் அந்த வருஷத்து மிகச் சிறந்த தொடரை முழுவதும் பார்த்தவர், அதை எட்டாவதாகப் போட்ட என் கணவர் ஒருவர்தான்.

எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் வந்த இளக்காரத்தை எழுத முடியாது. கூடவே, அவர்களை அப்படிப் பொய் சொல்லவைத்தது என் மூக்குதான் என்பதும் தெரிந்தது. அது வேறு எரிச்சல்.

"உங்களுக்கு நிஜமா பிடிச்சது எது?" என்று பௌதி கேட்டாள்.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். "சலவைக்கடை" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பட்டாணி தரையெல்லாம் உருண்டது. இருவரும் குனிந்து பொறுக்கினோம். நான் எழுந்து வருவதற்குள் மாஷிமாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். "திதி சாம்பார் கருகற வரைக்கும் அழுதாங்களாம்" என்றாள். சாம்பாரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. லிஃப்டில் என் கணவர் சொல்லியிருக்க வேண்டும்.

நோட்டில் எதையும் அடிக்கவில்லை. மையால் எழுதியதை அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும் என்றாள் பௌதி. ஆனால் அன்றோடு இந்தக் கட்டடத்தில் எனக்கு இருந்த மதிப்பு போய்விட்டது. மாஷிமா இப்போது லிஃப்டில் என்னைப் பிடித்துவைத்து ஆஸ்பத்திரிக் கதைகளைத் தைரியமாகச் சொல்கிறார். பௌதி தனக்குப் பிடித்ததையெல்லாம் எனக்கு அனுப்பி, "பாத்தாச்சா, பாத்தாச்சா?" என்று கேட்கிறாள். குப்பை என்று சொன்னால், "இருக்கட்டும், அழுதீங்களா?" என்கிறாள். முன்பெல்லாம் நான் குப்பை என்றால் அவள் முகம் சுருங்கும். இப்போது சுருங்குவதில்லை.

போன வாரம் ஒன்று அனுப்பியிருக்கிறாள். கதாநாயகன் பேக்கரி வைத்திருக்கிறான், இதுவரை ஒருவரும் வந்து ஒரு பன் வாங்கவில்லை. அப்படியும் கடை நடக்கிறது. பஸ்ஸில் ஆறாவது எபிசோட் வரை வந்திருக்கிறேன். சகிக்கவில்லை. இன்னும் பத்து இருக்கிறது.